டெஸ்டோஸ்டிரோனுக்கு மரபணு இல்லை: ஸ்டீராய்டு ஹார்மோன் சுரப்பை எது தீர்மானிக்கிறது?

"டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும் மரபணு", "மன அழுத்த ஹார்மோனின் மரபணு" என்கிற தலைப்புகள் அவ்வப்போது செய்தியில் வருகின்றன. படிப்பவர்களுக்கு ஒரு படம் மனதில் பதிந்துவிடுகிறது: மரபணு ஒன்று, அதிலிருந்து ஹார்மோன் ஒன்று. இன்சுலினுக்கு இது சரி. இன்சுலின் ஒரு புரதம். அதன் அமினோ அமில வரிசை டிஎன்ஏவில் அப்படியே எழுதப்பட்டிருக்கிறது. டெஸ்டோஸ்டிரோனும் கார்ட்டிசாலும் ஈஸ்ட்ரோஜனும் அப்படியல்ல. அவை புரதங்களே இல்லை. கொலஸ்ட்ராலை உடல் படிப்படியாக வெட்டித் திருத்தி உண்டாக்கும் சிறிய மூலக்கூறுகள் அவை. அவற்றின் வடிவம் எந்த மரபணுவிலும் எழுதப்படவில்லை.

அப்படியானால் இந்தத் துறையின் மூலக்கூறு உயிரியலாளர்கள் எதைத்தான் ஆராய்கிறார்கள்? கொலஸ்ட்ராலைத் திருத்தும் நொதிகளின் மரபணுக்களை ஆராய்கிறார்கள். அதைவிட முக்கியமாக, அந்த மரபணுக்கள் எந்த செல்லில், எப்போது, எவ்வளவு இயங்க வேண்டும் என்று முடிவு செய்யும் கட்டுப்பாட்டை ஆராய்கிறார்கள். இந்த இரண்டாவது பகுதி புரிந்தால்தான் நோய்களும் மருந்துகளும் பிடிபடும்.

## அடிப்படை

ஸ்டீராய்டு என்பது நான்கு கார்பன் வளையங்கள் ஒட்டிய ஓர் அமைப்பு. கொலஸ்ட்ராலுக்கு அந்த வளையங்களோடு ஒரு நீண்ட பக்கச் சங்கிலியும் உண்டு. மொத்தம் 27 கார்பன்கள். அதை வெட்டினால் 21 கார்பன் உள்ள ஹார்மோன்கள் கிடைக்கும்: புரோஜெஸ்டிரோன், கார்ட்டிசால், ஆல்டோஸ்டிரோன். இன்னும் வெட்டினால் 19 கார்பன் உள்ள ஆண்ட்ரோஜன்கள் கிடைக்கும். டெஸ்டோஸ்டிரோன் இந்த வகை. அதிலிருந்து ஒரு கார்பன் போனால் 18 கார்பன் ஈஸ்ட்ரோஜன். "ஆண் ஹார்மோன்", "பெண் ஹார்மோன்" என்று நாம் எதிரெதிராக நிறுத்தும் இரண்டும் உண்மையில் அடுத்தடுத்த படிகள். பெண்ணின் சூலகமும் முதலில் ஆண்ட்ரோஜனை உண்டாக்கித்தான் அதை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது.

இவை முக்கியமாக நான்கு இடங்களில் சுரக்கின்றன: சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளின் புறணி, விரைகள், சூலகங்கள், கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடி.

கார்ட்டிசால் இரத்தச் சர்க்கரையையும் உடலின் அழுத்தத் தாங்குதிறனையும் காக்கிறது. ஆல்டோஸ்டிரோன் உடலில் உப்பைப் பிடித்து வைத்து இரத்த அழுத்தத்தைக் காக்கிறது. இந்த இரண்டும் இல்லாமல் மனிதர் உயிர் வாழ முடியாது. பாலின ஹார்மோன்கள் இல்லாமல் வாழ முடியும்; இனப்பெருக்கம் நடக்காது. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. எந்த மரபணுப் பிறழ்வு குழந்தையைச் சில நாட்களிலேயே ஆபத்தில் தள்ளும், எது பருவ வயதில்தான் தெரியவரும் என்பது இதைப் பொறுத்தது.

## கொலஸ்ட்ராலிலிருந்து கார்ட்டிசால் வரை

கார்ட்டிசால் உருவாக ஐந்து நொதிகள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மரபணு.

1. சிஒய்பி11ஏ1. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கிறது. கொலஸ்ட்ராலின் பக்கச் சங்கிலியிலிருந்து ஆறு கார்பன்களை வெட்டி பிரெக்னினோலோன் என்ற மூலப்பொருளைத் தருகிறது. எல்லா ஸ்டீராய்டு ஹார்மோன்களுக்கும் இதுதான் வாசல்.
2. சிஒய்பி17ஏ1. 17ஆம் கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் குழுவைச் சேர்க்கிறது.
3. எச்எஸ்டி3பி2. வளையத்தின் இரட்டைப் பிணைப்பை இடம் மாற்றுகிறது. இப்போது கிடைப்பது 17-ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோன்.
4. சிஒய்பி21ஏ2. 21ஆம் கார்பனில் ஹைட்ராக்சில் சேர்க்கிறது. நோய்களில் அதிகம் பேசப்படுவது இதுதான்.
5. சிஒய்பி11பி1. மீண்டும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள். கார்ட்டிசால் தயார்.

சிஒய்பி என்ற முன்னொட்டு சைட்டோகுரோம் பி450 என்ற பெரிய நொதிக் குடும்பத்தைக் குறிக்கிறது. கார்பன் மோனாக்சைடு ஒட்டியிருக்கும்போது இவை 450 நானோமீட்டர் அலைநீள ஒளியை உறிஞ்சும். எண் அங்கிருந்து வந்தது. இந்த நொதிகளின் வேலையை வேதியியலாளர்கள் 1960களிலேயே அறிந்திருந்தார்கள். ஆனால் மரபணுக்கள் கையில் கிடைத்தது 1980களில்தான். 1986இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகத்தில் வால்டர் மில்லரின் குழு மனித சிஒய்பி11ஏ1 மரபணுவின் நகலைப் பிரித்தெடுத்து, அது 15ஆம் குரோமோசோமில் இருப்பதைக் காட்டியது. அந்த ஆய்வின் முதல் ஆசிரியர் பான்-சூ சுங். பிறகு தைவானின் அகாதெமியா சினிகாவில் தன் ஆய்வகத்தை நடத்தி, இந்த மரபணுக்களின் கட்டுப்பாட்டையே பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் அவர்.

## ஒரே மரபணு, மூன்று அடுக்குகள்

அடுத்த ஆண்டு, 1987இல், அதே குழு சிஒய்பி17ஏ1 மரபணுவின் நகலை அட்ரீனலிலிருந்தும் விரையிலிருந்தும் தனித்தனியாக எடுத்து ஒப்பிட்டது. இரண்டும் ஒரே மரபணு. இது சாதாரண முடிவு போலத் தோன்றலாம். ஆனால் அட்ரீனல் இந்த நொதியை முக்கியமாக கார்ட்டிசாலுக்கும், விரை டெஸ்டோஸ்டிரோனுக்கும் பயன்படுத்துகின்றன. மரபணு ஒன்று, விளைவு வேறு.

அட்ரீனல் புறணியைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அதில் மூன்று அடுக்குகள்.

வெளி அடுக்கில் சிஒய்பி17ஏ1 இயங்குவதே இல்லை. 17ஆம் கார்பன் தொடப்படாமல் போவதால் பாதை ஆல்டோஸ்டிரோனை நோக்கித் திரும்புகிறது. நடு அடுக்கில் அது இயங்குகிறது, ஹைட்ராக்சில் சேர்க்கும் வேலையை மட்டும் பெரும்பாலும் செய்கிறது. விளைவு கார்ட்டிசால். உள் அடுக்கில் சைட்டோகுரோம் பி5 என்ற துணைப் புரதம் அதிகம். அதன் உதவியோடு அதே நொதி இரண்டாவது வேலையையும் செய்கிறது: 17க்கும் 20க்கும் இடையிலான பிணைப்பை வெட்டுகிறது. 21 கார்பன் 19 ஆகிறது. ஆண்ட்ரோஜன்களின் மூலப்பொருளான டிஎச்இஏ பிறக்கிறது.

சில மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு திசுவில், ஒரே டிஎன்ஏவை வைத்திருக்கும் செல்கள் மூன்று வெவ்வேறு ஹார்மோன்களைத் தருகின்றன. எந்த மரபணு இருக்கிறது என்ற கேள்வி இங்கே ஒன்றையும் விளக்காது. எந்த மரபணு எங்கே விழித்திருக்கிறது என்ற கேள்விதான் விளக்கும்.

## நிமிடங்களில் நடப்பது வேறு, நாட்களில் நடப்பது வேறு

ஸ்டீராய்டு சுரக்கும் செல்கள் ஹார்மோனைச் சேமித்து வைப்பதில்லை. தேவை வரும்போது புதிதாக உண்டாக்குகின்றன. மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி ஏசிடிஎச் என்ற ஹார்மோனை அனுப்பியதும், சில நிமிடங்களில் அட்ரீனலில் கார்ட்டிசால் உயரத் தொடங்கிவிடும். இவ்வளவு வேகத்தை, மரபணுவைப் படியெடுத்துப் புது நொதிகளைக் கட்டுவதால் மட்டும் விளக்க முடியாது. நொதிகள் ஏற்கெனவே இருக்கின்றன. அப்புறம் எது தடுத்துக்கொண்டிருந்தது?

1960களில் ஒரு துப்பு கிடைத்தது. புரத உற்பத்தியை நிறுத்தும் மருந்தைக் கொடுத்தால் இந்த விரைவு எழுச்சி நின்றுபோகிறது. அதாவது, உடனே உருவாகி உடனே அழியும் ஏதோ ஒரு புரதம் தேவைப்படுகிறது. அதைத் தேடுவதில் ஏறக்குறைய 30 ஆண்டுகள் போயின. 1994இல் அமெரிக்காவில் டக்ளஸ் ஸ்டாக்கோவின் குழு எலியின் விரைக்கட்டி செல்களிலிருந்து அதைக் கண்டுபிடித்து ஸ்டார் என்று பெயரிட்டது. கொலஸ்ட்ராலை மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்விலிருந்து உட்சவ்வுக்குக் கொண்டு சேர்ப்பது இந்தப் புரதத்தின் வேலை. முதல் நொதி உட்சவ்வில் காத்திருக்கிறது. கொலஸ்ட்ரால் உள்ளே வராதவரை அதற்கு வேலை இல்லை.

ஓர் ஆண்டுக்குள், 1995இல், அதற்கு மனிதச் சான்று வந்தது. லிப்பாய்டு வகை பிறவி அட்ரீனல் நோயுள்ள குழந்தைகளின் ஸ்டார் மரபணுவில் பிறழ்வுகள் இருந்தன. இவர்களுடைய அட்ரீனலில் கொலஸ்ட்ரால் கொழுப்புத் துளிகளாகக் குவிந்து கிடக்கும். ஹார்மோன் ஏறக்குறைய இல்லை. ஜப்பானிலும் கொரியாவிலும் இந்த நோய் மற்ற இடங்களைவிட அதிகம்.

இந்த நோய் இரண்டு புதிர்களை அவிழ்த்தது. இரண்டும் எனக்கு மிகவும் பிடித்த தர்க்கங்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதல் புதிர்: ஸ்டீராய்டே உண்டாக்க முடியாத ஒரு கரு எப்படிப் பிறப்பு வரை உயிர் பிழைக்கிறது? கர்ப்பம் நிலைக்க புரோஜெஸ்டிரோன் வேண்டும். மனிதரில் ஆரம்ப வாரங்களுக்குப் பிறகு அதை உண்டாக்குவது நஞ்சுக்கொடி. நஞ்சுக்கொடி கருவின் மரபணுக்களைக் கொண்டது. விடை: நஞ்சுக்கொடி ஸ்டார் புரதத்தைப் பயன்படுத்துவதில்லை. அது வேறு வழியில் கொலஸ்ட்ராலை உள்ளே சேர்க்கிறது. ஆனால் சிஒய்பி11ஏ1 நொதி அதற்கும் தேவை. ஆகவே அந்த மரபணு முழுவதும் செயலிழந்தால் கர்ப்பமே நிலைக்காது என்று நீண்ட காலம் கருதப்பட்டது. பின்னர் நோயாளிகள் கண்டறியப்பட்டார்கள். அவர்களில் பலருக்கு நொதி ஓரளவாவது வேலை செய்துகொண்டிருந்தது.

இரண்டாவது புதிர்: இந்த நோயுள்ள எக்ஸ்எக்ஸ் குரோமோசோம் கொண்ட சில பெண்களுக்கு பருவ வயதில் மார்பக வளர்ச்சியும் மாதவிடாயும் தானாக வந்தன. ஸ்டார் இல்லாமல் ஈஸ்ட்ரோஜன் எப்படி? மில்லரின் குழு சொன்ன விளக்கம் இரண்டு அடிகள். ஸ்டார் இல்லாவிட்டாலும் சிறிதளவு கொலஸ்ட்ரால் தானாகவே உள்ளே செல்லும். சிறிதளவு ஹார்மோன் கிடைக்கும். இது முதல் அடி. பிட்யூட்டரி தொடர்ந்து தூண்டத் தூண்ட, செல்லில் கொலஸ்ட்ரால் குவிந்து செல்லையே அழித்துவிடும். இது இரண்டாவது அடி. அட்ரீனலும் விரையும் கருவிலேயே தூண்டப்படுவதால் சீக்கிரம் அழிகின்றன. சூலகம் பருவ வயது வரை ஓய்வில் இருப்பதால் தப்பிக்கிறது. பருவ வயதில், அந்தச் சிறிதளவே போதுமானதாகிறது.

## பொது ஸ்விட்சைத் தேடி

நொதிகளின் மரபணுக்கள் வெவ்வேறு குரோமோசோம்களில் சிதறிக் கிடக்கின்றன. 15, 10, 1, 6, 8 என்று. ஆனால் அவை அட்ரீனலிலும் பாலினச் சுரப்பிகளிலும் ஒருசேர விழிக்கின்றன. கல்லீரலிலோ தோலிலோ அப்படி நடப்பதில்லை. அப்படியானால் இவை அனைத்தும் கேட்டு நடக்கும் பொதுவான கட்டளை ஒன்று இருக்க வேண்டும்.

ஒவ்வொரு மரபணுவுக்கும் முன்னால் புரமோட்டர் என்ற டிஎன்ஏ பகுதி உண்டு. அது புரதமாக மாறாது. படியெடுத்தல் காரணிகள் எனப்படும் புரதங்கள் வந்து ஒட்டும் இடம் அது. அவை ஒட்டினால் மரபணு இயங்கும். இதை ஆராயும் முறை எளிமையானது, ஆனால் பொறுமை வேண்டும். புரமோட்டரை வெட்டியெடுத்து, ஒளி தரும் லூசிஃபெரேஸ் போன்ற எளிதில் அளக்கக்கூடிய ஒரு நொதியின் மரபணுவுக்கு முன்னால் ஒட்டுவார்கள். அதை அட்ரீனல் செல்களுக்குள் செலுத்துவார்கள். பிறகு புரமோட்டரிலிருந்து துண்டு துண்டாக நீக்கிப் பார்ப்பார்கள். எந்தத் துண்டு போனதும் அளவு விழுகிறதோ, அங்கேதான் முக்கியமான ஒட்டுமிடம்.

இப்படி வெவ்வேறு மரபணுக்களில் தேடியவர்கள் ஏறக்குறைய ஒரே எழுத்து வரிசையைச் சந்தித்தார்கள்: ஏஜிஜிடிசிஏ. அதில் ஒட்டும் புரதத்தை 1992இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக அடையாளம் கண்டன. ஒன்று அமெரிக்காவில் கீத் பார்க்கருடையது, மற்றது ஜப்பானில் கென்-இச்சிரோ மொரோஹாஷியுடையது. பார்க்கர் வைத்த பெயர் எஸ்எஃப்-1. அதுவே இன்று பரவலாக வழங்குகிறது. மரபணுவின் முறையான பெயர் என்ஆர்5ஏ1, இருப்பது 9ஆம் குரோமோசோமில்.

சரி, நொதிகளை இயக்கும் ஒரு ஸ்விட்ச் கிடைத்தது என்று விஷயம் முடிந்திருக்கலாம். 1994இல் பார்க்கரின் குழு எலிகளில் இந்த மரபணுவை நீக்கிப் பார்த்தது. ஹார்மோன் குறைந்த எலிகளை எதிர்பார்த்த இடத்தில், அட்ரீனல் சுரப்பியே இல்லாத குட்டிகள் பிறந்தன. விரையும் இல்லை, சூலகமும் இல்லை. குரோமோசோம் எதுவாக இருந்தாலும் எல்லாக் குட்டிகளும் வெளித்தோற்றத்தில் பெண். பிறந்த எட்டு நாட்களுக்குள் அட்ரீனல் ஹார்மோன் இல்லாமல் எல்லாம் இறந்தன. நொதிகளை இயக்கும் காரணி, அந்த நொதிகளை வைத்திருக்கும் உறுப்புகள் உருவாவதற்கே காரணமாகவும் இருந்தது. இந்தத் துறையின் போக்கை மாற்றிய ஆய்வு என்று இதைச் சொல்லத் தயங்க மாட்டேன்.

மனிதரில் கதை சற்று மாறியது. 1999இல் வெளியான முதல் நோயாளியின் விவரம் எலிகளோடு ஒத்துப்போனது: எக்ஸ்ஒய் குரோமோசோம், பெண் தோற்றம், அட்ரீனல் செயலிழப்பு. ஆனால் ஒரு வேறுபாடு. இரண்டு நகல்களில் ஒன்றில் மட்டுமே பிறழ்வு. எலியில் ஒரு நகல் போனால் பெரிய சேதம் தெரிவதில்லை. மனிதரில் ஒரு நகலின் குறைவே போதும். அதன் பிறகு கண்டறியப்பட்ட பெரும்பாலோருக்கு அட்ரீனல் நன்றாகவே இருந்தது. பாலினச் சுரப்பிகளின் வளர்ச்சியில்தான் மாற்றம். சில பெண்களுக்குச் சூலகம் மிக இளம் வயதிலேயே ஓய்ந்துபோவதற்கும் இந்த மரபணுவின் பிறழ்வுகள் காரணமாக இருப்பது 2009இல் தெரியவந்தது. ஒரே குடும்பத்தில் ஒரே பிறழ்வு உள்ளவர்களிடமும் விளைவு வேறுபடுகிறது. "எலியில் நிரூபிக்கப்பட்டது" என்ற வரியைச் செய்தியில் பார்த்தால் சற்று நிதானிக்கச் சொல்வது இதனால்தான்.

## ஸ்விட்ச் இடம் மாறினால்

மரபணுவின் நொதிப் பகுதி, கட்டுப்பாட்டுப் பகுதி என்ற பிரிவு ஏட்டளவிலானது அல்ல. ஓர் இரத்த அழுத்த நோய் அதை நேரடியாகக் காட்டுகிறது.

8ஆம் குரோமோசோமில் இரண்டு மரபணுக்கள் அருகருகே இருக்கின்றன. சிஒய்பி11பி1 கார்ட்டிசாலின் கடைசிப் படியைச் செய்கிறது. ஏசிடிஎச் சொல்படி கேட்கிறது. சிஒய்பி11பி2 ஆல்டோஸ்டிரோனை முடித்துத் தருகிறது. ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன், பொட்டாசியம் இரண்டின் சொல்படி கேட்கிறது. இரண்டின் எழுத்து வரிசையும் ஏறக்குறைய 95 சதவீதம் ஒத்தது. ஒத்த வரிசைகள் பக்கத்தில் இருந்தால், விந்தணுவோ கருமுட்டையோ உருவாகும்போது குரோமோசோம்கள் தவறாகப் பொருந்தி வெட்டி ஒட்டப்படும் அபாயம் உண்டு. சில குடும்பங்களில் அப்படி நடந்து, முதல் மரபணுவின் புரமோட்டரும் இரண்டாவதின் நொதிப் பகுதியும் சேர்ந்த ஒரு கலப்பு மரபணு உருவாகியிருக்கிறது. பக்கத்து வீட்டு ஸ்விட்சைப் போட்டால் நம் வீட்டு விளக்கு எரிவது போன்ற நிலைமை. உடலில் உப்பு போதுமான அளவு இருந்தாலும், ஏசிடிஎச் வரும்போதெல்லாம் ஆல்டோஸ்டிரோன் சுரக்கிறது. இளம் வயதிலேயே இரத்த அழுத்தம் ஏறுகிறது.

1992இல் ரிச்சர்ட் லிஃப்டனும் சக ஆய்வாளர்களும் இந்தக் கலப்பு மரபணுவைக் கண்டறிந்தார்கள். ஏசிடிஎச்சை அடக்கும் டெக்சாமெத்தசோன் போன்ற மருந்து இந்த நோயாளிகளின் இரத்த அழுத்தத்தைக் குறைப்பது அதற்கு முன்பே மருத்துவர்களுக்குத் தெரியும். ஏன் என்பது அன்றுதான் விளங்கியது.

## 21-ஹைட்ராக்சிலேஸ் குறைபாடு

21-ஹைட்ராக்சிலேஸ் என்பது நான்காவது நொதியான சிஒய்பி21ஏ2வின் மற்றொரு பெயர். இந்த மரபணுக்களில் ஒன்றால் வரும் நோய்களில் மிகவும் பரவலானது இந்தக் குறைபாடு. பிறவி அட்ரீனல் மிகைவளர்ச்சி என்ற நோய்த்தொகுதியில் 90 சதவீதத்துக்கும் மேல் இதுதான். தீவிர வகை ஏறக்குறைய 15,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் காணப்படுகிறது. கணக்குப் போட்டால், ஏறக்குறைய 60 பேரில் ஒருவர் எந்த அறிகுறியும் இல்லாமல் ஒரு பழுதான நகலைச் சுமக்கிறார். இருவருமே சுமப்பவர்களாக இருக்கும் பெற்றோருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

பழுது ஏன் இவ்வளவு சாதாரணம்? 6ஆம் குரோமோசோமில் சிஒய்பி21ஏ2 மரபணுவின் அருகிலேயே அதன் செயலற்ற இரட்டை இருக்கிறது. போலி மரபணு என்று அதை அழைக்கிறார்கள். நொதிப் பகுதியில் 98 சதவீத ஒற்றுமை. ஆனால் நொதியைக் கெடுக்கும் பல பிழைகளை அது வைத்திருக்கிறது. இரண்டும் அருகருகே இருப்பதால், போலியின் பிழையான துண்டுகள் நல்ல மரபணுவுக்குள் நகலாகிவிடுகின்றன. சில சமயம் நல்ல மரபணுவின் பெரும்பகுதியே நீங்கிப்போகிறது. நோயாளிகளிடம் காணப்படும் பிறழ்வுகளில் மிகப் பெரும்பாலானவை இந்த இரண்டு வழிகளில் வந்தவை. மரபணுச் சோதனைக்கும் இது ஒரு தொல்லை: சோதனை போலியைப் படித்துவிட்டு மரபணுவைப் படித்ததாகச் சொல்லிவிடக்கூடும். இரண்டையும் பிரித்தறியும் முறையைப் பின்பற்றும் ஆய்வகம் இதற்கு அவசியம்.

விளைவுகள் படிப்படியாக இப்படிச் செல்கின்றன:

1. நான்காவது நொதி வேலை செய்யாததால் கார்ட்டிசால் குறைகிறது.
2. குறைவைக் கண்ட பிட்யூட்டரி ஏசிடிஎச்சை மேலும் மேலும் அனுப்புகிறது. அட்ரீனல் பெருக்கிறது.
3. தடைபட்ட படிக்கு முன்னுள்ள 17-ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோன் தேங்குகிறது. பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு துளி இரத்தம் எடுத்து அளப்பது இதைத்தான்.
4. தேங்கிய மூலப்பொருட்கள் தடையில்லாத பாதையில் ஓடி ஆண்ட்ரோஜன்களாகின்றன. எக்ஸ்எக்ஸ் கருவில் வெளிப் பிறப்புறுப்பு ஆண் தோற்றத்தை நோக்கி வளர்கிறது. கருப்பையும் சூலகமும் இயல்பாகவே இருக்கும்.
5. ஆல்டோஸ்டிரோனும் இல்லாவிட்டால் உடல் உப்பை இழக்கிறது. பிறந்த இரண்டாவது வாரத்தை ஒட்டி வாந்தி, நீரிழப்பு, அதிர்ச்சி நிலை. கவனிக்காவிட்டால் மரணம்.

ஐந்தாவது புள்ளியில் ஆண் குழந்தைகளின் நிலை மோசம். பெண் குழந்தையின் தோற்றம் மருத்துவரை எச்சரித்துவிடும். ஆண் குழந்தையிடம் வெளியே எதுவும் தெரியாது. பிறந்த குழந்தைகள் அனைவருக்கும் சோதனை வேண்டும் என்று மருத்துவர்கள் வலியுறுத்துவதற்கு இது ஒரு வலுவான காரணம். என் பார்வையில் அதுவே போதுமான காரணம்.

இங்கே அளவுகள் முக்கியம். நொதியின் செயல்திறன் சுழியமாக இருந்தால் உப்பு இழக்கும் வகை. வெறும் 1 முதல் 2 சதவீதம் மிஞ்சினாலே உப்பு இழப்பு பெரும்பாலும் தவிர்க்கப்படுகிறது. உடலுக்குத் தேவையான ஆல்டோஸ்டிரோனின் அளவு கார்ட்டிசாலைவிட நூறு மடங்குக்கும் மேல் குறைவு என்பதால் அந்தச் சொற்பமே போதுமானது. 20 முதல் 50 சதவீதம் இருந்தால் பிறப்பில் எந்தக் குறியும் இருக்காது. பருவ வயதிலோ பிறகோ முகப்பரு, அதிக உரோமம், ஒழுங்கற்ற மாதவிடாய் என்று வெளிப்படலாம், வெளிப்படாமலும் போகலாம். ஒரே மரபணு, ஒரே நோய்ப்பெயர், ஆனால் உயிருக்கு ஆபத்து முதல் ஒன்றுமே இல்லாதது வரை.

## எதிர்பாராத ஒரு பயன்

பான்-சூ சுங்கின் ஆய்வகம் 2006இல் வரிக்குதிரை மீனின் கருவில் சிஒய்பி11ஏ1 மரபணுவை அடக்கிப் பார்த்தது. அட்ரீனலோ பாலினச் சுரப்பியோ உருவாவதற்கு வெகுமுன், கருவின் செல்கள் பரவி நகர வேண்டிய கட்டத்திலேயே நகர்வு தாமதமானது. பிரெக்னினோலோனைக் கொடுத்ததும் குறை தணிந்தது. செல்லின் உட்சட்டகமான நுண்குழல்களை அது நிலைப்படுத்துகிறது என்று அந்த ஆய்வு காட்டியது. மற்ற ஹார்மோன்களுக்கு மூலப்பொருள் மட்டுமே என்று கருதப்பட்ட ஒரு பொருளுக்குச் சொந்த வேலை இருக்கிறது.

## செய்தியை எப்படிப் படிப்பது

"ஹார்மோன் மரபணு" பற்றிய செய்தியோ சோதனை அறிக்கையோ கைக்கு வந்தால் இவற்றைப் பாருங்கள்:

1. அந்த மரபணு நொதிக்கானதா, கட்டுப்பாட்டுக் காரணிக்கானதா, வெறும் சுமக்கும் புரதத்துக்கானதா? 2020இல் பிரிட்டனின் யுகே பயோபேங்க் தரவுகளிலிருந்து 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்த ஆய்வு, பாலின ஹார்மோன் அளவோடு தொடர்புள்ள பல நூறு மரபணு இடங்களைக் காட்டியது. அவற்றில் எஸ்எச்பிஜி என்ற புரதத்தின் மரபணுவும் உண்டு. அது டெஸ்டோஸ்டிரோனை உண்டாக்குவதில்லை, இரத்தத்தில் பிடித்து வைக்கிறது. மொத்த அளவு கூடியிருப்பதால் உடலுக்குக் கிடைப்பது கூடியதாகாது.
2. பழுது முழுமையானதா, பகுதியளவா? ஒரு நகலிலா, இரண்டிலுமா?
3. ஆய்வு எலியிலா, வளர்ப்பு செல்லிலா, நோயாளியிடமா?

நலமாக இருக்கும் ஒருவருக்கு "உங்கள் டெஸ்டோஸ்டிரோன் மரபணு" என்று விற்கப்படும் சோதனைகளால் பெரிய பயன் இல்லை. அதே மரபணுத் தகவல், பிறவி அட்ரீனல் நோயுள்ள குழந்தையின் குடும்பத்துக்கு மிகப் பெரிய பயன்.

## மருந்துகளில் தெரியும் பாதை

பாதை தெரிந்தால் மருந்தின் பக்க விளைவையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். புரோஸ்டேட் புற்றுநோய்க்கு 2011இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற அபிராடெரோன், சிஒய்பி17ஏ1 நொதியைத் தடுத்து ஆண்ட்ரோஜனை நிறுத்துகிறது. அதே நொதி கார்ட்டிசாலுக்கும் தேவை. அதனால் கார்ட்டிசால் குறையும், ஏசிடிஎச் ஏறும், உப்பைப் பிடிக்கும் மூலப்பொருட்கள் பெருகும், இரத்த அழுத்தம் உயர்ந்து பொட்டாசியம் விழும். அதைத் தடுக்கத்தான் பிரெட்னிசோனையோ பிரெட்னிசோலோனையோ சேர்த்துக் கொடுக்கிறார்கள். மார்பகப் புற்றுநோயில் பயன்படும் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் இரண்டும், ஆண்ட்ரோஜனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் கடைசிப் படியின் நொதியான சிஒய்பி19ஏ1ஐ மட்டும் தடுப்பதால் இந்தச் சிக்கல் இல்லை.

21-ஹைட்ராக்சிலேஸ் குறைபாட்டுக்கு 1950 முதல் அடிப்படைச் சிகிச்சை ஒன்றுதான்: இல்லாத ஹார்மோனைக் கொடுப்பது. உயிரைக் காக்க இது போதும். ஆனால் ஏசிடிஎச்சை அடக்கி ஆண்ட்ரோஜனைக் குறைக்க, உடலுக்குத் தேவையானதைவிட அதிகக் கார்ட்டிசால் வகை மருந்து வேண்டியிருக்கிறது. அதன் விலை குழந்தையின் உயரத்திலும் எலும்பிலும் எடையிலும் தெரிகிறது. 2024 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் தந்த கிரினெசர்ஃபான்ட், பிட்யூட்டரிக்கு வரும் மேல்மட்டக் கட்டளையை மறித்து ஏசிடிஎச்சைக் குறைக்கிறது. மாற்று ஹார்மோனை நிறுத்த முடியாது, அளவைக் குறைக்க முடியும்.

மரபணுவையே மாற்றி வைப்பது? எலிகளில் நல்ல நகலை அட்ரீனலுக்குள் செலுத்திப் பார்த்தார்கள்; ஹார்மோன் ஏறியது, சில வாரங்களில் மீண்டும் இறங்கியது. அட்ரீனல் புறணியின் செல்கள் நிரந்தரமானவை அல்ல. வெளி விளிம்பிலுள்ள முன்னோடி செல்கள் புதிய செல்களைத் தந்துகொண்டே இருக்கின்றன. அவை உள்நோக்கி நகர்ந்து, முதலில் ஆல்டோஸ்டிரோனையும் பிறகு கார்ட்டிசாலையும் தரும் செல்களாக மாறி, கடைசியில் மடிகின்றன. சிகிச்சை பெற்ற செல்லோடு புகுத்திய மரபணுவும் போய்விடுகிறது. நீடித்த பலன் வேண்டுமென்றால் அந்த முன்னோடி செல்களின் டிஎன்ஏவிலேயே திருத்தம் நடக்க வேண்டும்.